முதல் பவளத் தொட்டிக்கு எந்தக் கருவிகள், எந்த வரிசையில்?

நன்னீர் மீன் வளர்ப்பில் சில ஆண்டுப் பழக்கம் உள்ள ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: கையில் 60 லிட்டர் தொட்டியும் தொட்டிக்கு வெளியே நிற்கும் ஒரு கேனிஸ்டர் ஃபில்டரும் இருக்கின்றன, ஒரு ஜோடி கோமாளி மீனும் சில மென்பவளங்களும் வைத்துத் தொடங்கி, பின்னாளில் அக்ரோபோரா போன்ற கடினப் பவளங்களுக்கும் போக விருப்பம், விளக்கு, கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர், நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர், நீரைக் குளிர்விக்கும் சில்லர், சேர்மங்களை அளந்து ஊற்றும் டோசிங் பம்ப் என்று நீளும் பட்டியலில் எதற்குப் பணம் போடுவது, எதைத் தள்ளிப்போடுவது?

பெரும்பாலோர் விளக்கில் தொடங்குகிறார்கள். கடைக்காரர்களும் அதைத்தான் முதலில் காட்டுகிறார்கள், ஏனென்றால் கண்ணைப் பறிப்பது அதுதான். என் வரிசை வேறு. நீர், ஆவியாதல், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றுக்கான ஏற்பாடுகள் முதலில். நீரோட்டமும் வெளிச்சமும் அதற்குப் பின்னால். பவளம் நகர்ந்து தப்பிக்க முடியாத உயிர். அது பிறந்த கடலில் உவர்ப்போ வெப்பமோ ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒரு கருவியை வாங்கும்போது, அது ஒழுங்காக ஓடினால் என்ன தரும் என்று கேட்பதோடு நில்லாமல், நீங்கள் வீட்டில் இல்லாத இரவில் அது கெட்டுப்போனால் தொட்டியை என்ன செய்யும் என்றும் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விதான் பட்டியலில் பாதியைத் தீர்த்துவைக்கும்.

முதலில் தொட்டி. சிறியது மலிவு, ஆகவே பழகுவதற்கு ஏற்றது என்ற கணக்கு கடல்நீரில் தலைகீழாகிவிடுகிறது. பாறைக்குப் பின்னால் ஒரு நத்தை செத்து அழுகினால் 60 லிட்டரில் ஏறும் அம்மோனியா, 200 லிட்டரில் ஏறுவதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அறை வெப்பம் மாறினாலும், உணவு கூடிப்போனாலும், சேர்மத்தை அளவு தவறி ஊற்றினாலும் இதே விகிதம்தான். அதற்காகப் பெரிய தொட்டியில் எல்லாமே எளிது என்று சொல்லிவிடவும் முடியாது. பெரிய தொட்டியில் ஆவியாதல் பொருட்டே அல்ல என்று சிலர் சொல்வதுண்டு. ஆவியாவது மேற்பரப்புக்கு ஏற்ப, மேற்பரப்பும் அங்கே பெரிதாகத்தானே இருக்கிறது! 100 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம் என்ற அளவில் ஏறத்தாழ 200 லிட்டர் கிடைக்கும். தொடங்குபவருக்கு இதை நான் சரியான அளவாகக் கருதுகிறேன். உயரமான தொட்டிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அடியில் விழுந்த பவளத்தை எடுக்கக் கை எட்டாது, வெளிச்சமும் அடிவரை சரியாக இறங்காது. நீர், பாறை, மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து 300 கிலோவைத் தொடும் என்பதால், தாங்கியும் தரையும் அதற்கு ஈடுகொடுக்குமா என்பதை நீர் ஊற்றுவதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்களிடம் உள்ள 60 லிட்டர் தொட்டியை விற்றுவிட வேண்டாம். புதிதாக வரும் மீன்களைச் சில வாரங்கள் தனியே வைத்துப் பார்க்க அதைவிடப் பொருத்தமான தொட்டி கிடைக்காது. கடல் மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு கலந்த மருந்து கொடுப்பது வழக்கம்; அந்தச் செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதால், சிகிச்சை பிரதான தொட்டியில் நடக்கவே கூடாது, அந்தச் சிறிய தொட்டியின் பாறையோ மணலோ பஞ்சோ இங்கே வரவும் கூடாது.

அடுத்தது நீர். குழாய் நீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட், சில வேளைகளில் செம்பு எல்லாம் இருக்கும். நன்னீர்ச் செடிகளுக்கு இவற்றில் சில உணவு. பவளத் தொட்டியிலோ பாசிக்கு விருந்து. குடிநீருக்காகப் பலர் வைத்திருக்கும் ஆர்ஓ கருவி மட்டும் போதாது. அதன் வால்பக்கத்தில் டிஐ எனப்படும் அயனி நீக்கும் ரெசின் நிலை ஒன்றும் இருக்க வேண்டும். வண்டல் வடிகட்டி, கார்பன், ஆர்ஓ சவ்வு, ரெசின் என்ற நான்கையும் கடந்து வரும் நீரின் டிடிஎஸ், அதாவது கரைந்துள்ள பொருள்களின் அளவு, 0 என்று காட்ட வேண்டும். குளோரமின் எனும் கிருமிநாசினி கலந்த குழாய் நீரில் கார்பன் அதை உடைக்கும்போது அம்மோனியா வெளிப்படுகிறது. அதைப் பிடித்துவைப்பதும் இந்த ரெசின்தான். ரெசின் தீர்ந்துபோனால் சத்தமோ கசிவோ எதுவும் தெரியாது, நீர் வழக்கம்போலவே வந்துகொண்டிருக்கும். எனவே ரெசினுக்குப் பிறகு ஒரு டிடிஎஸ் மீட்டரைப் பொருத்துங்கள்; எண் 1 ஆனதும் ரெசினை மாற்றுங்கள். நான் தரும் பட்டியலில் முதல் செலவு இந்தக் கருவிதான்.

உப்பைப் பொறுத்தவரை, பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவை எதுவாயினும் போதும்; விலை உயர்ந்தவற்றில் கால்சியமும் காரத்தன்மையும் சற்றுக் கூடுதலாக இருக்கும், தொடக்கத்தில் அவை தேவையில்லை. நீரில்தான் உப்பைப் போட வேண்டுமே தவிர, உப்பின் மேல் நீரை ஊற்றக் கூடாது. அப்படிச் செய்தால் கால்சியம் கார்பனேட் வெண்மையாகப் படிந்து வீணாகிவிடும். அளவைத் தராசு கொண்டு முடிவுசெய்யாமல் மீட்டர் கொண்டு முடிவுசெய்யுங்கள். இலக்கு ஆயிரத்தில் 35 பங்கு, 25 டிகிரியில் ஒப்படர்த்தி 1.026. முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் ஒரு குமிழி ஒட்டிக்கொண்டாலே அளவு பிசகும்; ஒளி விலகலைக் கொண்டு உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதைத் தூய நீரில் வைத்து 0 காட்டுகிறதா என்று பார்ப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். 0இல் சரியாக இருக்கும் கருவி 35இல் ஒன்றிரண்டு பங்கு விலகியிருக்கலாம் என்பதால், 35 என்று குறித்து விற்கப்படும் அளவீட்டுத் திரவத்தில் இரண்டு துளி விட்டு, அந்தக் கோட்டில் நிற்கும்படி திருகைச் சரிசெய்ய வேண்டும்.

நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. 60 லிட்டர் தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் போனால் மூன்றாம் நாள் 35 என்பது 36.8 ஆகியிருக்கும், நான்காம் நாள் நீங்கள் ஒரேயடியாக நன்னீரை ஊற்றும்போது மீண்டும் சடாரென்று இறங்கும். இந்த ஏற்றஇறக்கத்தைத் தடுக்கும் தானியங்கி நீர் நிரப்பியை, அதாவது ஏடிஓவை, பலர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நானோ விளக்குக்கு முன்பே அதை வாங்கச் சொல்வேன். கண்ணாடியில் ஒட்டும் ஒளி உணரியோடு, அது தவறினால் தடுப்பதற்கு ஒரு மிதவைச் சுவிட்சும் சேர்ந்த வகை நல்லது. அதைவிட முக்கியம், அது நீர் எடுக்கும் வாளியின் அளவு. பம்ப் நிற்காமல் ஓடி 10 லிட்டர் வாளி முழுவதும் உள்ளே போனாலும் 200 லிட்டர் தொட்டியில் உவர்ப்பு 33.3க்குத்தான் இறங்கும், பவளம் முகம் சுளிக்கும், சாகாது. அடிக்கடி நிரப்புவதற்குச் சோம்பி 50 லிட்டர் பீப்பாயை வைத்தால் அதே பழுது 28க்குக் கொண்டுபோய்விடும்.

வெப்பத்திலும் இதே சிந்தனைதான். 25 முதல் 26 டிகிரி வரை வைத்திருங்கள். ஹீட்டரின் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட், பழுதாகும்போது சில வேளைகளில் அணையாத நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும். 60 லிட்டர் தொட்டியில் 300 வாட் ஹீட்டர் அப்படி ஒட்டிக்கொண்டால் ஏறத்தாழ கால் மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் நீர் சூடாகும். காலையில் பார்க்கும்போது காப்பாற்ற எதுவும் மிஞ்சியிருக்காது. 200 லிட்டரில் ஒரு 75 வாட் ஹீட்டர் ஒட்டிக்கொண்டால் ஒரு டிகிரி ஏற மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் மேற்பரப்பு வழியே வெப்பம் வெளியேறிக்கொண்டும் இருக்கும். ஆகவே பெரிய ஹீட்டர் ஒன்றைவிடச் சிறிய ஹீட்டர் இரண்டு மேல்; இரண்டையும் தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றின் வழியே இணைத்து, ஹீட்டரின் சொந்தத் திருகை அதைவிட ஒரு டிகிரி மேலே வைத்துவிட்டால், ஒன்று தவறினாலும் மற்றொன்று தடுக்கும். அறையே 28 டிகிரிக்கு மேல் இருக்கும் இடமாயின் கதை மாறுகிறது. நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு விசிறி இரண்டு மூன்று டிகிரியைக் குறைக்கும், ஆனால் காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அது கைவிட்டுவிடும், ஆவியாதலையும் கூட்டும். அதற்கும் மேல் குறைக்க வேண்டியிருந்தால் சில்லர் தவிர வேறு வழியில்லை. அந்தச் செலவை முதலிலேயே கணக்கில் கொள்ளுங்கள், கோடையின் நடுவில் அவசரமாக வாங்கும்படி விட்டுவிடாதீர்கள்.

இனி நீங்கள் பெரிதாக நினைக்கும் ஃபில்டருக்கு வருவோம். 1960களின் தொடக்கத்திலேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியுமாகவே தொட்டியை நடத்திக் காட்டினார். பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் வழியே பரவிய முறையில் உயிர்ப்பாறை, வலிமையான ஸ்கிம்மர், நல்ல வெளிச்சம் ஆகிய மூன்றே அடிப்படை. இன்றைய தொட்டிகளும் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கின்றன. பாறையின் துளைகளில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது, பாறைதான் உங்கள் ஃபில்டர். கேனிஸ்டரில் உள்ள பஞ்சில் கழிவு சேர்ந்து அழுகிக்கொண்டே இருந்தால் நைட்ரேட்தான் ஏறும். அதைக் கார்பன் வைக்க மட்டும் பயன்படுத்தி, வாரந்தோறும் பஞ்சைக் கழுவ முடியும் என்றால் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் தனிமைத் தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.

200 லிட்டருக்கு 15 முதல் 20 கிலோ பாறை போதும், எடை குறைந்த துளைப்பாறையாக இருந்தால் இன்னும் குறைவாகவே. உலர்ந்த பாறையில் தொல்லை தரும் உயிரினங்கள் வராது, ஆனால் முதிர்வதற்கு மாதங்கள் ஆகும். ஈரமான உயிர்ப்பாறை விரைவில் நிலைபெறும், ஆனால் ஐப்டேசியா எனும் களைக் கடற்சாமந்தியையும் நண்டையும் கூடவே கொண்டுவரும். பழைய பாறை மலிவாகக் கிடைத்தால் அதைக் கொதிக்கவைத்துச் சுத்தம்செய்ய முயலாதீர்கள். சோவாந்தஸ், பாலிதோவா வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. அது ஆவியோடு கலந்து குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் பதிவாகியுள்ளன. அந்தப் பவளங்களை வெட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் சம்ப் எனும் துணைத் தொட்டி, என் பார்வையில், ஆடம்பரம் அல்ல. ஹீட்டரையும் ஸ்கிம்மரையும் ஏடிஓவையும் மறைத்துவைக்க இடம் தருகிறது, மொத்த நீரின் அளவைக் கூட்டுகிறது, மேற்பரப்பில் சேரும் எண்ணெய்ப் படலத்தை வழித்துக் கீழே கொண்டுபோகிறது. ஆனால் மின்சாரம் போகும்போது, சம்பிலிருந்து நீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்ப் நின்று, மேல் தொட்டியின் நீர் அதன் குழாய் வழியாகவே பின்னோக்கிச் சம்புக்குள் இறங்கும். குழாயின் வாயை நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே மட்டும் வைத்து, அதில் ஒரு சிறு துளையும் இட்டால் காற்று புகுந்து இந்த இறக்கம் நின்றுவிடும். தொட்டியை நிரப்பிய நாளிலேயே பம்பை அணைத்துவிட்டு அருகில் உட்கார்ந்து பாருங்கள்: சம்பில் நீர் ஏறி, மெதுவாகி, ஓரிடத்தில் நிற்கும். பம்ப் ஓடும்போது சம்ப் நீர் எந்த மட்டத்தைத் தாண்டாமல் இருந்தால் அணைத்த பிறகும் விளிம்பு வழியாது என்பதைக் கண்டறிந்து, அங்கே மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். சில மாதங்கள் கழித்து இதே சோதனையை மீண்டும் செய்யுங்கள், ஏனென்றால் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி அந்தச் சிறு துளையை அடைத்திருக்கும். ஒருவழி வால்வு இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது; அதிலும் நத்தை புகுந்தால் மூடாது. ரிட்டர்ன் பம்பின் வேகம் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப்போல ஐந்து மடங்கு இருந்தால் தாராளம்.

ஸ்கிம்மர், கழிவு அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே அதை வெளியேற்றுகிறது. புரதம் போன்ற பொருள்கள் குமிழியின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறிக் கோப்பையில் விழுகின்றன. கூடவே நீரில் ஆக்சிஜனையும் ஏற்றுகிறது. பெட்டியில் எழுதியிருக்கும் லிட்டர் அளவு பெரும்பாலும் தாராள மனத்தோடு எழுதப்பட்டது. 200 லிட்டர் தொட்டிக்கு 300 முதல் 400 லிட்டர் வரை என்று குறித்த ஸ்கிம்மரை எடுங்கள். அதற்கும் மேல் போனால், மீன் குறைவான தொட்டியில் நிலையான நுரை எழாது. புதிய ஸ்கிம்மர் முதல் ஒரு வாரம் கோப்பையை நிரப்பிப் பொங்கும் அல்லது ஒன்றுமே தராது. திருகைத் திருகிக்கொண்டே இருக்காமல் விட்டுவிடுங்கள். சம்பில் அது நிற்கும் அறையின் நீர்மட்டம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

நீரோட்டம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டியின் 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோராவுக்கு 30 மடங்குக்கும் மேல். ஒரே பெரிய வேவ்மேக்கரை ஒரு திசையில் பீய்ச்சவிட்டால் எதிரில் உள்ள பவளத்தின் சதை கிழியும்; வேகம் மாற்றக்கூடிய இரண்டை எதிரெதிர் பக்கங்களில் வைத்து மாறிமாறி ஓடவிடுங்கள். டிசி மோட்டார் உள்ளவற்றை வாங்கினால் இன்னொரு பயன் உண்டு, அதைச் சற்றுப் பின்னால் சொல்கிறேன்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பது, நீங்கள் வைக்கப்போகும் பவளம் எது என்ற கேள்விக்கான விடை மட்டுமே. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்துதான் அதற்குப் பெரும்பகுதி உணவைத் தருகிறது. அந்தப் பாசிக்கு 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள நீல ஒளி மிகவும் பயன்படும். நன்னீர்ச் செடிகளுக்கான வெள்ளை விளக்கில் அந்தப் பகுதி குறைவு என்பதால் உங்களிடம் அது இருந்தாலும் உதவாது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவைப் பிஏஆர் என்ற எண்ணால் குறிக்கிறார்கள்: மென்பவளங்களுக்கு 50 முதல் 100, ஹாமர், டார்ச் போன்ற பெரிய பாலிப் பவளங்களுக்கு 75 முதல் 150, அக்ரோபோராவுக்கு 200 முதல் 350. வாட் கணக்கை வைத்து இதை ஊகிக்க முடியாது; லென்ஸின் கோணமும் விளக்கின் உயரமும் எல்லாவற்றையும் மாற்றிவிடும். முடிந்தால் பிஏஆர் மீட்டரை யாரிடமாவது ஒரு நாள் இரவல் வாங்கி, பாறையின் மேலும் கீழும் மூலைகளிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அக்ரோபோரா ஆசை உண்மையானது என்றால், இப்போதே வலுவான எல்இடி ஒன்றை வாங்கி 30 அல்லது 40 விழுக்காட்டில் ஓட்டுவது, ஓராண்டில் இரண்டாவது விளக்கு வாங்குவதைவிடச் சிக்கனம். ஆனால் முழு வேகத்தில் அதை ஏற்றிவிடாதீர்கள். வெளிச்சம் குறைந்தால் பவளம் பழுப்பேறிப் பல வாரங்கள் தாக்குப்பிடிக்கும். மிகுந்தால் சில நாளில் வெளுத்துவிடும். தொட்டியில் பாக்டீரியா நிலைபெறும் முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் விளக்கே தேவையில்லை, எரியவிட்டால் பாசிதான் வளரும். ஆகவே விளக்குக்கான பணத்தைச் சேர்க்க உங்களுக்கு அவகாசமும் இருக்கிறது.

மின்சாரம் போனால் முதலில் கொல்வது குளிர் அல்ல, ஆக்சிஜன் குறைவு. மீன் நிறைந்த தொட்டியில் ஓட்டம் நின்ற சில மணி நேரங்களிலேயே மூச்சுத்திணறல் தொடங்கிவிடும். டிசி வேவ்மேக்கர்களில் பலவற்றை ஒரு பேட்டரியோடு நேரடியாக இணைத்துவிட முடியும்; குறைந்த வேகத்தில் நீர்ப்பரப்பை அசைத்துக்கொண்டிருந்தாலே போதும். அதுவும் முடியாதவர் பேட்டரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றையாவது வாங்கிவைக்க வேண்டும். மின் இணைப்புகள் எல்லாம் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வழியாக வரட்டும். ஒவ்வொரு கம்பியும் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து, பிறகு மேலேறிச் செல்ல வேண்டும். கம்பி வழியே வழியும் உப்புநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். பிளக்கின் ஓரத்தில் வெண்மையாக உப்புப் பூத்திருப்பதைக் கண்டால், மின்சாரத்தை அணைத்துத் துடைத்துவிட்டு, நீர் எங்கிருந்து தெறிக்கிறது என்று தேடுங்கள்.

புறஊதா விளக்கு, ஓசோன், கால்சியம் ரியாக்டர், எல்லாவற்றையும் கைப்பேசியில் காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் சோதனைக் கிட்டுகள் வாங்குங்கள்: முதலில் அம்மோனியா, பிறகு காரத்தன்மை, நைட்ரேட், பாஸ்பேட். நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சுழியத்துக்கு இறக்கத் துடிக்காதீர்கள். இரண்டும் சுழியமான புதிய தொட்டிகளில்தான் டைனோஃபிளாஜெலேட் எனும் பழுப்புச் சளி படர்கிறது. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருக்கட்டும். கால்சியம் 420, மெக்னீசியம் 1300 மில்லிகிராம் என்பவற்றை மென்பவளத் தொட்டியில் எப்போதாவது பார்த்தால் போதும்.

டோசிங் பம்ப் வேண்டுமா என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், காரத்தன்மைக் கிட்டிடம் கேளுங்கள். வாரம் 10 விழுக்காடு நீர் மாற்றும் மென்பவளத் தொட்டிக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. கடினப் பவளங்கள் வந்த பிறகு, நீர் மாற்றாத ஒரு இடைவெளியில் திங்கட்கிழமை மாலையும் வியாழக்கிழமை மாலையும் ஒரே நேரத்தில் அளந்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதை மூன்றால் வகுங்கள். காரத்தன்மையின் அலகான டிகேஎச்சில் 8.5 என்பது 8.3 ஆகியிருந்தால் நீர் மாற்றமே ஈடுகட்டிவிடும். 7.6க்கு வந்திருந்தால் நாளுக்கு 0.3 வீதம் உங்கள் பவளங்கள் எலும்புக்கூடு கட்டிக்கொண்டிருக்கின்றன. சில வாரங்கள் கையால் ஊற்றிப் பார்த்து, தினசரி அளவு நிலைபெற்ற பிறகு பம்ப் வாங்கலாம்.